துருவ வானில் எலக்ட்ரான்களை எண்ணுவது

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் புராஜெக்டுக்கு, 1989-இல் ஜப்பான் ஏவிய அகெபோனோ செயற்கைக்கோளின் தரவை எடுக்கும் பிள்ளைகளுக்கு இது. துருவத்துக்கு மேலே பல ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் பிளாஸ்மா (எலக்ட்ரானும் அயனியும் கலந்த வாயு) மிக மெல்லியது. அங்கே லாங்மியர் புரோபை (பிளாஸ்மாவுக்குள் நீட்டி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) நம்பாதீர்கள். வெயில் பட்டுச் செயற்கைக்கோளிலிருந்தே கிளம்பும் எலக்ட்ரான்கள் அளவைக் கெடுக்கும். ரேடியோ அலைதான் நம்பகமானது.

அந்த அலைகளின் நிறமாலையில் அப்பர் ஹைபிரிட் கோடு (எலக்ட்ரான் அடர்த்தியும் காந்தப்புலமும் சேர்ந்து தீர்மானிக்கும் அதிர்வெண்) 294 கிலோஹெர்ட்ஸ் என்று வைப்போம். காந்தப்புலம் 10,000 நானோடெஸ்லா என்றால் சைக்ளோட்ரான் அதிர்வெண் (காந்தப்புலத்தில் எலக்ட்ரான் நொடிக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 280 கிலோஹெர்ட்ஸ். வர்க்கங்களைக் கழித்து மூலம் எடுத்தால் எலக்ட்ரான் அடர்த்தியை மட்டும் சார்ந்த பிளாஸ்மா அதிர்வெண் சுமார் 90 கிலோஹெர்ட்ஸ். அதை 8.98-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 100 எலக்ட்ரான். காந்தப்புலம் 1 சதவீதம் கூடிப்போனாலே 100 என்பது சுமார் 80 ஆகிவிடும்! அதனால் கணித மாதிரியிலிருந்து கணக்கிட்ட காந்தப்புலம் வேண்டாம். அதே நொடியில் காந்தமானி அளந்ததையே போடுங்கள்.

அரோரா கிலோமெட்ரிக் கதிர்வீச்சு (துருவ ஒளிப் பகுதிக்கு மேலிருந்து கிளம்பும் இயற்கை ரேடியோ அலை) பலமாக இருந்தால் அப்பர் ஹைபிரிட் கோடு அதற்குள் மறைந்துவிடும். அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.