கீல் ஸ்க்ரூவைத் தொடாமலே சமத்துக்கு வந்த அலமாரிக் கதவு

காலடியில் இருக்கும், திருகி உயரம் மாற்றும் ஸ்க்ரூ கால்களைச் சரிசெய்தே இரண்டு கதவு மர அலமாரி ஒருவழியாக மட்டத்துக்கு வந்துவிட்டது. கதவுகளின் மேல் விளிம்பில் இருந்த 4 மி.மீ. ஏற்ற இறக்கம் போயே போய்விட்டது. கீலைத் திருகிக் கதவைச் சரிக்கட்டுவது எல்லோரும் செய்வதுதான். அது அலமாரி உடம்பின் முறுக்கை மறைக்கும், எடுக்காது. பொருள்களை அடுக்கியதும் கதவு மறுபடி இடிக்கும்.

ஆடும் ஸ்டூலுக்குச் சொல்லும் வைத்தியம், அதாவது ஆடுகிற காலைப் பார்த்து முட்டுக் கொடுப்பது, அலமாரிக்குச் செல்லாது. உயரமான அலமாரி பெரும்பாலும் ஆடவே ஆடாது. தன் எடையிலேயே முறுக்கிக்கொண்டு நான்கு காலையும் தரையில் ஊன்றிவிடும், அதிலும் பின்பலகை 3 மி.மீ. ஹார்ட்போர்டு என்றால் கேட்கவே வேண்டாம். இந்த முறுக்கைக் காட்டிக்கொடுப்பது கதவுதான். வலது கதவு தாழ்ந்து நின்றால் வலது முன்காலை ஏற்ற வேண்டும். இடது தாழ்ந்தால் இடது முன்கால். பின்கால்கள் இரண்டையும் முதலில் மட்டத்தில் நிறுத்திவிட்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஆகவே தரையின் மேடான இடத்தில் நிற்கும் காலை அடியோடு இறக்கிவைத்து, மற்றவற்றை அதன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு வருவதே சரி.

எவ்வளவு ஏற்றுவது? ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். அளந்துவிடலாம். 60 செ.மீ. ரசமட்டத்தை அடிப்பலகையில் வைத்து, தாழ்ந்த முனைக்கடியில் ஏடிஎம் கார்டு ஒன்றைச் செருகுங்கள். கார்டின் கனம் 0.76 மி.மீ. அதில் குமிழி நடுவுக்கு வந்தால், 90 செ.மீ. இடைவெளியில் உள்ள காலுக்கு 0.76 × 90 ÷ 60, அதாவது 1.14 மி.மீ. ஏற்றம் தேவை. எம்8 ஸ்க்ரூ (8 மி.மீ. விட்டம்) ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரும், ஆகவே முழுச் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. எம்6 என்றால் சுற்றுக்கு 1 மி.மீ. கார்டு அதிகமானால் சாதாரண ஏ4 தாளை மடித்துக்கொள்ளலாம், ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. ரசமட்டத்தை நம்புவதற்கு முன் அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி வேறிடத்தில் நின்றால் கோளாறு தரையில் இல்லை, கருவியில்.

ஸ்க்ரூ கால் பொருத்துவதில்தான் மரம் கெடும். காலின் அடிமுகம் மரநாரின் நுனிகள் தெரியும் குறுக்குவெட்டு முகம். அங்கே பல் வைத்த டீ-நட்டை (ஸ்க்ரூ காலைத் திருக மரத்தில் பதிக்கும், தட்டுள்ள நட்டு) அடித்தால் பிடிப்பும் சரியாக இருக்காது, மரமும் பிளக்கும். தட்டில் ஓட்டை உள்ள, ஸ்க்ரூ போட்டு இறுக்கும் வகையே நல்லது. துளை, ஸ்க்ரூவின் முழு நீளத்தைவிட ஐந்தாறு மி.மீ. ஆழமாக இருக்கட்டும், ஆழம் குறைந்தால் ஸ்க்ரூவின் நுனி மரத்தில் முட்டி நட்டையே வெளியே தள்ளிவிடும். 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டின் விளிம்பில் இந்த வேலையே வேண்டாம். பக்கவாட்டில் திருகும் எல் வடிவப் பட்டை கால்தான் அதற்கு லாயக்கு. விற்பவர்கள் எடை தாங்கும் அளவைப் பெரிதாகப் போடுகிறார்கள், மரை நீளத்தைப் போடுவதில்லை! தேவையானது அதுதான். ஸ்க்ரூ காலின் அடித்தட்டு சாய்ந்து கொடுக்கும் வகையாகவும் பார்த்து வாங்குங்கள், டைல்ஸ் இணைப்பில் விழுந்தால் சாயாத தட்டு விளிம்பில் மட்டும் நிற்கும்.

ஸ்க்ரூ கால் போட முடியாத இடத்தில் இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகினால் மேல்முகம் சமமாக அமைந்து கால் முழுவதும் அதில் உட்காரும். ஒற்றை ஆப்பு விளிம்பை மட்டும்தான் தாங்கும். மடித்த அட்டை நாளடைவில் நசுங்கும், மெத்தென்ற ரப்பரும் அப்படித்தான்.

ஸ்க்ரூ கால் நகராமல் பூட்டும் லாக் நட்டை இன்னும் இறுக்கவில்லை. பாதிச் சுமை ஏற்றி மறுபடி பார்த்த பிறகுதான் அது. அதற்குள் அடுத்த வேலை கண்ணில் உறுத்துகிறது: 180 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழமுள்ள புத்தக அலமாரி. அதில் காலடியில் 1 மி.மீ. பிசகினால் உச்சி 6 மி.மீ. சாயும். முன்கால்களை ஒரு மி.மீ. தூக்கிச் சுவர்ப்பக்கம் சாய வைக்கலாம், ஆனால் உச்சியைச் சுவரோடு பிணைக்கும் பட்டை அடிக்காமல் விடக்கூடாது. சுவரடி ஸ்கர்ட்டிங் 12 மி.மீ. துருத்திக்கொண்டிருக்கிறது. அதனால் உச்சிக்கும் சுவருக்கும் இடையே மிஞ்சும் இடைவெளியின் கனத்தில் பட்டைக்குப் பின்னால் பிளைவுட் துண்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் இறுக்கும்போது உச்சி பின்னால் இழுபட்டு முன்கால் தரையை விட்டு எழும்பும்.