மனு அடிக்கிற கடையிலிருந்து

காரைக்குடியில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம், பட்டா மாறுதல் மனு, வாரிசுச் சான்று விண்ணப்பம், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று எல்லாம் வரும். என் மனதில் தங்குவது இரண்டு வகைத் தாள்கள்தான். ஒன்று, எங்கோ ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையைக் கண்டித்து அடிக்கச் சொல்லும் ஆர்ப்பாட்ட நோட்டீஸ். இன்னொன்று, கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, பெண்கள் சொல்லச் சொல்ல நான் அடித்துத் தரும் புகார் மனு.

இரண்டுக்கும் உறவு உண்டு என்று எனக்கு முதலில் தெரியாது. நோட்டீஸ் போட்டு, ஐந்து விளக்குப் பக்கம் கூட்டம் கூடி, கோஷம் போட்டுக் கலைந்த சில நாட்களில் மனுக்கள் கூடுதலாக வரும். பல வருடம் பொறுத்திருந்தவர்கள் அப்போதுதான் படியேறுவார்கள். நியூஸில் பார்த்தேன் என்பார்கள், மகள் சொன்னாள் என்பார்கள். ஊர் வாய் திறந்து பேசும்போது, தன் விஷயத்தையும் சொல்லலாம் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. இதை நான் கண்ணால் பார்த்ததால்தான், “மெழுகுவத்தி ஏத்துனா எல்லாம் மாறிடுமா?” என்று ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர் கேட்கும்போது சும்மா இருக்க முடிவதில்லை.

நான் அடிக்கிற மனுக்களில் பிரிவு எண்கள் வரும். ஆரம்பத்தில் எனக்கு அவை வெறும் எண்கள். அப்புறம் எனக்கு வேலை கொடுத்த ஒரு மூத்த வக்கீலம்மா, டைப் ஆகும்வரை எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றின் கதையையும் சொன்னார். 498ஏ என்று ஊரே சொல்கிற பிரிவு, கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கானது. 1979 வாக்கில் டெல்லியில் வரதட்சணைக்காக எரித்துக் கொல்லப்பட்ட பெண்களுக்காக மற்ற பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அதுவரை அந்தச் சாவுகளெல்லாம் ஸ்டவ் வெடித்த விபத்து என்று எழுதப்பட்டு வந்தன. 1983இல் அந்தப் பிரிவு வந்தது. 2024 ஜூலை 1 முதல், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் அதற்கு எண் 85. என் கம்ப்யூட்டரில் இருந்த மாதிரி மனுக்களை எல்லாம் அந்த வாரம் உட்கார்ந்து மாற்றினேன். ஆனாலும் வருகிறவர்கள் இன்றைக்கும் “நாநூத்தித் தொண்ணூத்தெட்டுல போடுங்கக்கா” என்றுதான் சொல்கிறார்கள்.

அதே 1983இல் இன்னொரு திருத்தமும் வந்தது. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே சீரழிக்கப்பட்டாள். உடம்பில் காயம் இல்லை, அவள் எதிர்க்கவில்லை என்று சொல்லி 1978இல் உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர்கள் இருவரையும் விடுவித்தது. மறு வருடம் சட்டப் பேராசிரியர்கள் நான்கு பேர் அந்தத் தீர்ப்பைக் கேள்வி கேட்டு தலைமை நீதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் ஊர்வலம் போனார்கள். அதன் பிறகுதான், காவலில் இருக்கும் பெண் ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று சொன்னால், நீதிமன்றம் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்று சட்டம் மாறியது. ஒரு கடிதத்தில் தொடங்கியது என்பதில் மனு அடித்துப் பிழைக்கும் எனக்குப் பெரிய ஆறுதல் உண்டு.

ஒரு முறை அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தார். எந்த ஆலை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். மேற்பார்வை பார்ப்பவன் கையைப் பிடிக்கிறான், மறுத்தால் மறுநாள் வேலை இல்லை என்கிறான். “தாயி, இதெல்லாம் மனுவா எழுதுவாகளா?” என்று கேட்டார். எழுதலாம் என்றேன். அப்படி எழுதலாம் என்று ஆனதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளரை 1992இல் கூட்டாகச் சீரழித்தார்கள். 1995இல் கீழ்க்கோர்ட் அவர்களை விடுவித்துவிட்டது. அவருக்காக எழுந்த பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போய் 1997இல் விசாகா தீர்ப்பைப் பெற்றன. வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை என்று அதில் வந்தது. 2013இல் அது சட்டமாகவே ஆனது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும். அது இல்லாத சின்ன இடங்களுக்கும், முதலாளியே குற்றவாளி என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாத பெண்ணுக்கு எழுதிக் கொடுக்க உதவ வேண்டியது குழுவின் பொறுப்பு என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு நான் இந்தக் கதை முழுவதையும் சொல்லவில்லை. ‘உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா ஆத்தா’ என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, தேதி, நேரம், கூட இருந்தவர்கள் பேர் என்று வரிசையாகச் சொன்னார். நான் அடித்த மனுக்களிலேயே தெளிவான மனு அது. பள்ளிக்கூடம் தாண்டாதவர் சொன்னது.

செட்டிநாடு எல்லாவற்றையும் எழுதி வைக்கிற சீமை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் எழுதிய கணக்கேடுகளைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதாமல் கல்யாணம் நிறைவாகாது. சீர் சாமானைப் பரப்பி, வெள்ளியில் எவ்வளவு, எவர்சில்வரில் எவ்வளவு என்று பட்டியல் எழுதுவார்கள். ஆனால் அந்தப் பெண் வாழப் போன வீட்டில் பட்ட அடியை எழுதி வைத்த வீடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ‘வளவுக்குள்ள (வீட்டுக்குள்ள) நடந்தது வெளியில் வரக்கூடாது’ என்பதுதான் எல்லாச் சாதியிலும் நான் கேட்ட பேச்சு. நகரத்தாரை மட்டும் சொல்லவில்லை.

ஒரு ஆச்சி அந்தப் பழக்கத்தையே திருப்பிப் பயன்படுத்தினார். பேத்தி கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். வீட்டு ஆண்கள் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆச்சி பெட்டியைத் திறந்து கல்யாணத்துச் சாமான் பட்டியலை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து, “இதுல ஒரு காப்பி போடு ஆத்தா, அப்புறம் அவளை அடிச்சதையும் இதே மாதிரி நம்பர் போட்டு எழுது” என்றார். குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் வந்து, 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சீதனப் பொருளைத் திருப்பிக் கேட்கலாம், வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமை கேட்கலாம், அடிக்கக்கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கலாம். அந்தப் பட்டியல் வக்கீலுக்குப் பெரிய உதவியாக இருந்தது. ஆச்சி சொன்னபடியே எண் போட்டுத்தான் அடித்தேன்.

நோட்டீஸ் பக்கம் வருகிறேன். 2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டபோது, ஃப்ளெக்ஸ் அடிக்க ஒருவர் வந்தார். வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் பெண்ணின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே பெயரும் போடச் சொன்னார். முடியாது என்றேன். “ஊரே பார்த்தாச்சு, நீங்க மட்டும் என்ன?” என்று கோபப்பட்டார். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம், இறந்துவிட்டாலும் குற்றம்தான், இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அந்தத் தடையும் 1983 திருத்தத்தில் வந்தது. இதைச் சொல்லியும் அவர் கேட்கவில்லை, வேறு கடைக்குப் போய்விட்டார். அந்த மாதமே, ஆகஸ்ட் 20 அன்று, அவருடைய பெயரையும் படத்தையும் எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

இந்த விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2019இல் போலீஸ் பேட்டியிலேயே புகார் கொடுத்த பெண்ணின் பெயர் வெளிவந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் பரவியது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அந்த நாட்களில் என் கடைக்கு வந்த ஒவ்வொரு பெண்ணும் முதலில் கேட்டது ஒன்றுதான்: “அக்கா, என் பேரு வெளிய வந்துடாதுல்ல?” அன்றிலிருந்து இப்படிப்பட்ட மனுக்களை அவர்கள் முன்னாலேயே கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுகிறேன். வீணாய்ப் போன பிரிண்ட்டையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். போராட்டம் நடத்துகிறவர்களுக்கும் இந்தப் பொறுப்பு வேண்டும். ஒரு பெண்ணுக்காகத் திரள்கிற கூட்டமே அவள் படத்தைச் சுமந்து போனால், அடுத்த பெண் புகார் கொடுக்க வர மாட்டாள்.

எல்லாப் பெண்ணுக்காகவும் கூட்டம் கூடுவதில்லை என்பதும் என்னை உறுத்துகிறது. 1992 ஜூனில் தருமபுரி வாச்சாத்தியில் வனத்துறையும் போலீஸும் புகுந்து 18 பெண்களைச் சீரழித்தபோது பெருநகரங்களில் யாரும் மெழுகுவத்தி ஏற்றவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் விடாமல் நின்றதால்தான் அது வழக்கானது. 269 பேர் மேல் குற்றச்சாட்டு. 2011இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள், மிச்சமிருந்த அத்தனை பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேமரா வராத ஊரில் நடக்கும் போராட்டத்துக்கு இவ்வளவு பொறுமை தேவைப்படுகிறது.

நோட்டீஸ் அடிக்க வருகிறவர்களிடம் இப்போது ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தலைமை, முன்னிலை, கண்டன உரை என்று பெயர்கள் போக, கீழே நாலு வரி எனக்கு விடுங்கள் என்கிறேன். 181க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை தாண்டியது என்று திருப்பி அனுப்பக்கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் அலுவலருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. கடைசி வரியைப் பார்த்துச் சிலர் தயங்குவார்கள். 2012 டிசம்பர் டெல்லிப் போராட்டத்துக்குப் பிறகு, சட்டத்தைத் திருத்த அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு முப்பது நாளுக்குள் அறிக்கை கொடுத்ததால் வந்த வரி அது என்று சொல்வேன். மாணவிகள் என்றால் கேள்வியே கேட்காமல் போடச் சொல்லிவிடுவார்கள்.

அந்த வர்மா குழு சொன்ன எல்லாம் சட்டமாகவில்லை. மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவதையும் குற்றமாக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அது ஏற்கப்படவில்லை, 2024இல் வந்த புதிய சட்டத்திலும் மனைவி பதினெட்டு வயதைத் தாண்டியவள் என்றால் விலக்குதான். போன மாதம் ஒருத்தி வந்து, குரலை அடக்கிக்கொண்டு அதைத்தான் சொன்னாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எந்தப் பிரிவு போடுவது என்று கேட்டாள். அதற்கு எண் இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடங்கும் என்பதால், அதன்படி பாதுகாப்பு அலுவலருக்கு மனு அடித்துக் கொடுத்து, வக்கீலம்மாவின் நம்பரையும் எழுதி சிவகங்கை பஸ் ஏற்றிவிட்டேன். இதற்காக இந்த ஊர் கூடுகிற நாளில் நோட்டீஸை நான் காசு வாங்காமல் அடித்துத் தருவேன்.