ஃபிராங்க்ளினைத் தேடியவர்களும் தொலைந்துபோன ஒரு கேமராவும்

கோத்தகிரியில் உறைபனி விழுந்தால் தேயிலை கருகிவிடுமே என்று கவலைப்படுகிற சீசன் இது. இந்தக் குளிரிலும் கொஞ்ச நாளாக நான் படிப்பதெல்லாம் ஆர்க்டிக் கதைதான், ஃபிராங்க்ளின் விவகாரம் என்னை விடவே இல்லை.

1845 மே மாதம் சர் ஜான் ஃபிராங்க்ளின், எரிபஸ், டெரர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களோடு கனடாவுக்கு வடக்கே பனிக்கடல் வழியாக ஆசியாவுக்குப் பாதை பிடிக்கக் கிளம்பினார். ஜூலை கடைசியில் திமிங்கில வேட்டைக்காரர்கள் பார்த்ததோடு சரி. அந்த 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 1848இலிருந்து கப்பல் மேல் கப்பலாகத் தேடல், 20,000 பவுண்டு பரிசு வேறு.

எனக்கு ஆத்திரம் வருவது அதற்கு அப்புறம் நடந்ததில்தான். 1854இல் ஜான் ரே என்ற டாக்டர், அந்தப் பனிநாட்டுப் பூர்வகுடிகளான இன்யூட் மக்களைப் போலவே பனிவீடு கட்டித் தங்கி நடந்தே திரிந்தவர், அவர்களிடம் கேட்டதை வந்து சொன்னார்: வெள்ளைக்காரர்கள் படகை இழுத்துக்கொண்டு தெற்கே போனார்கள், பட்டினியில் செத்தார்கள், கடைசியில் மனித மாமிசத்தையே தின்றார்கள். ஆதாரமாக அதிகாரிகளின் வெள்ளிக் கரண்டி, முள்கரண்டியெல்லாம் வாங்கி வந்திருந்தார். லண்டன் கொதித்துவிட்டது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில், அந்த ஜனங்கள் பேச்சை நம்ப முடியாது, அவர்களே கொன்றிருக்கலாம் என்கிற ரீதியில் எழுதினார். டிக்கன்ஸ் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை! எலும்புகளில் கத்தி வெட்டு இருப்பதை 1990களில் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள்.

1859இல் ஒரு கற்குவியலுக்குள் கிடைத்த தாளில் மிச்ச விவரம் இருந்தது. ஃபிராங்க்ளின் 1847 ஜூன் 11 அன்றே இறந்துவிட்டார், 1848 ஏப்ரலில் மீதமிருந்த 105 பேரும் பனியில் சிக்கிய கப்பல்களை விட்டு இறங்கிவிட்டார்கள். சரி, கப்பல்கள் எங்கே? ஒரு கப்பல் தெற்கே வந்து மூழ்கியது, பாய்மரம் தண்ணீருக்கு மேலே தெரிந்தது என்று இன்யூட் பெரியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். எரிபஸ் 2014இல் கிடைத்தது அந்தத் தெற்குப் பக்கத்தில்தான், வெறும் 11 மீட்டர் ஆழத்தில்.

எங்கள் பக்கம் காட்டில் ஒருவர் காணாமல் போனால், அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த இருளரையோ குறும்பரையோ விட்டுவிட்டு ஒரு தேடல் குழு தனியாகக் கிளம்புமா? கிளம்பினால் ஊரே சிரிக்கும்.

டெரர் கதை இன்னும் அநியாயம். சாமி கோக்விக் என்ற இன்யூட் வேட்டைக்காரர் மீன் பிடிக்கப் போன வழியில், கடல்பனிக்கு மேலே ஒரு மரக்கம்பம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அதைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார். வீடு திரும்பிப் பார்த்தால் கேமரா எங்கேயோ விழுந்துவிட்டது. கெட்ட சகுனமோ என்று பயந்து சில வருஷம் வாயே திறக்கவில்லை. 2016இல் ஒரு தேடல் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் பேச்சுவாக்கில் சொன்னார், அவர்களும் உடனே கப்பலைத் திருப்பினார்கள். அவர் காட்டிய விரிகுடாவில் 24 மீட்டர் ஆழத்தில் டெரர் நிற்கிறது, பின்பக்க ஜன்னல் கண்ணாடிகள்கூடப் பெரும்பாலும் உடையாமல்.

ஃபிராங்க்ளினின் கல்லறை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இன்யூட் பெரியவர்களிடம் கதை கேட்டுக் கேட்டுக் குறித்துவைத்து அதைத் தேடிக்கொண்டிருந்த லூயி காமூகாக் 2018இல் இறந்துவிட்டார். அடுத்து யார் கிளம்பினாலும் முதலில் அவர் ஊரான கியோவா ஹேவனில் இறங்கி நாலு பேரிடம் பேசிவிட்டுப் போகட்டும்.