தீக்காயத்துக்கு லேசர் படம்: முத்திரை இல்லாத கடிதமும் வெள்ளைக் களிம்பும்

படம் எடுக்க ஆனது சில நிமிடம்தான். அந்த அறைக்குள் போய்ச் சேர்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

என் மனைவியின் தம்பிக்கு மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றும் பால் தேநீர்) கலக்கும் வேலை. செவ்வாய் இரவு கொதிநீர் அண்டா சரிந்து வலது முன்கை வெந்துவிட்டது. 20 நிமிடம் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து வைத்தது கடை முதலாளியம்மாவின் புண்ணியம். பக்கத்துக் கிளினிக்கில் வெள்ளைக் களிம்பை அப்பிக் கட்டுப் போட்டு, பாலத்துக்கு அப்பால் பினாங்குத் தீவிலுள்ள ஒரு மருத்துவமனைக்குக் கடிதமும் கொடுத்தார்கள். பின்னால் இரண்டுமே எங்கள் காலை வாரின.

காயம் எவ்வளவு ஆழம், தோல் ஒட்ட வேண்டுமா என்பதை லேசர் டாப்ளர் படம் காட்டிவிடும். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. முதல் 48 மணி நேரத்துக்குக் காயம் மாறிக்கொண்டே இருக்கும், அதற்குள் எடுத்தால் நம்ப முடியாது. 5 நாளைத் தாண்டவும் கூடாது. எங்கள் கணக்குக்கு வியாழன் இரவிலிருந்து ஞாயிறு இரவுவரை. நடுவில் சனி, ஞாயிறு விடுமுறை. ஆக வெள்ளியை விட்டால் நாள் இல்லை.

முதலிலேயே பதிந்து வைப்போம் என்று வியாழன் போனால், கவுண்டரில் இருந்தவர் கடிதத்தைத் திருப்பித் தள்ளினார். கையெழுத்து இருக்கிறது, மருத்துவரின் பதிவெண் இருக்கிறது, முத்திரை மட்டும் இல்லையாம். “கிளினிக்குக்குப் போன் போட்டுத் தருகிறேன், நீங்களே கேளுங்கள்” என்றேன். அவர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். பாலம் தாண்டிப் போய் முத்திரை வாங்கி, மறுநாள் தீவுக்கு வர டோலுக்கு இன்னொரு தடவை அழுதேன்.

வெள்ளியன்று கடிதத்தை யாரும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நம்பர் வருவதற்குள் தொழுகை இடைவேளை வந்துவிட்டது, 2.45 வரை எதுவும் நகராது. மச்சான் சிகரெட் பிடிக்கக் கிளம்பினான். ரத்தக்குழாய் சுருங்கிப் படம் கெட்டுவிடும் என்று மிஸ்ஸி (தாதி) அதட்டி உட்கார வைத்தார்.

கட்டைப் பிரித்ததும் அவர் உதட்டைப் பிதுக்கினார். அது வெள்ளி கலந்த களிம்பு. காயத்தின் மேல் ஏடுபோல் படிந்து ஒளியை மறைத்துவிடுமாம். உப்புநீரில் துணியை நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் துடைத்து எடுக்க, மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தான். வலி மாத்திரையை அரை மணி முன்பே கேட்டு வாங்கிப் போட்டிருக்கலாம், யாரும் சொல்லவில்லை. படம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் கிளினிக்கிலேயே சொல்லிவிடுங்கள்: அந்தக் களிம்பு வேண்டாம், சுத்தமாக மூடி அனுப்பினால் போதும்.

மற்றது சுலபம். கண்ணாடி மாட்டிவிட்டார்கள், கருவி கையைத் தொடவே இல்லை. ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது சைரன் சத்தம் மாறுகிறதே, அதுபோல ஓடும் சிவப்பணுவில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாறுகிறது. அதை வைத்துத் தோலின் ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டுகிறது. “தம்பி, கையை ஆட்டாதீங்க” என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆடினாலும் ரத்தம் ஓடுவதாகவே கருவி எடுத்துக்கொள்ளும்.

திரையில் முன்கை சிவப்பாக வந்தது. ஓரம் நெடுக நீலம், நடுவில் அச்சுப் பிசகாமல் ஒரு நீல வேல். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நீலம் என்றால் ரத்த ஓட்டம் மிகக் குறைவு, ஆற 21 நாளுக்கு மேல், தோல் ஒட்டவும் வேண்டிவரலாம். மருத்துவர் சிரித்தார். வேல், மச்சான் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய்வந்த கையோடு குத்திக்கொண்ட பச்சை. அந்த மை லேசரை விழுங்கிவிடுகிறது. ஓரத்து நீலம் கை வளைந்து போவதால் வருவது. கையைத் திருப்பி இன்னொரு படம் எடுத்தார், ஓரமும் சிவந்துவிட்டது. மணிக்கட்டருகே கொஞ்சம் மஞ்சள். சிவப்பு 14 நாளுக்குள் ஆறிவிடும், மஞ்சள் இன்னும் ஒரு வாரம் இழுக்கும். கண்ணால் மட்டும் பார்த்துச் சொன்னால் மூன்றில் ஒன்று தப்பிவிடும் என்று அவரே ஒப்புக்கொண்டார். தோல் ஒட்ட வேண்டாம் என்றதும்தான் மச்சான் வாயைத் திறந்தான்: “மாமா, பசிக்குது.”

கிளம்பும்முன் படத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், தானாகத் தரமாட்டார்கள். வேலையிடத்தில் நடந்த விபத்து என்பதால் பெர்க்கேசோவுக்கான (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தாள்களோடு வைத்திருக்கிறோம். பச்சை குத்தியிருந்தால் எடுப்பவரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள். அப்புறம் அந்தக் கடிதம்: கிளினிக் வாசலைத் தாண்டுமுன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.