பிர்லோவைப் பின்னால் இழுத்த கதை

திறமையான மிட்ஃபீல்டரை வாங்கிப் போட்டால் போதும், அணி தானாக ஆடும் என்று சொல்பவர்களுக்கு நான் இத்தாலியக் கால்பந்து வீரர் ஆந்த்ரேயா பிர்லோவைத்தான் காட்டுவேன். இன்டர் மிலானில் அவர் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடும் நம்பர் 10. அங்கே நிலைக்கவே இல்லை. 2001-இல் பிரெஷ்யா அணிக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, போனார். அங்கே அந்த நம்பர் 10 இடத்தில் இத்தாலியின் பெரிய நட்சத்திரம் ராபர்ட்டோ பாஜியோ! அவரை யார் நகர்த்துவது? கோச் மட்ஸோனே, பிர்லோவை டிஃபென்ஸுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அந்த சீசனில் யுவென்டஸுக்கு எதிராக பாஜியோ அடித்த கோலைத் தேடிப் பாருங்கள். ரொம்பப் பின்னாலிருந்து பிர்லோ தூக்கிப் போடுகிறார். பந்து பாஜியோவின் தோளுக்கு மேலே வந்து இறங்க, ஒரே தொடுதலில் கீப்பர் வான் டெர் சாரைத் தாண்டிவிடுகிறார். முன்னால் நெரிசலில் நின்றிருந்தால், நிமிர்ந்து பார்க்க பிர்லோவுக்கு அந்த ஒரு விநாடி கிடைத்திருக்காது.

அடுத்து ஏசி மிலானில் கோச் அன்செலோட்டி செய்தது எனக்கு இன்னும் பெரிய விஷயம். பிர்லோவுக்கு வேகம் கிடையாது, எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் டாக்கிளும் பலமில்லை. அதனால் பக்கத்தில் கட்டூஸோ. பந்தைப் பறிப்பது அவர் வேலை, பறித்ததும் பிர்லோ காலுக்குத் தந்துவிடுவார். 2003, 2007 என இரண்டு சாம்பியன்ஸ் லீக் வந்தது. கட்டூஸோவுக்கு உரிய பாராட்டில் பாதிகூட இன்னும் போய்ச் சேரவில்லை என்பது என் தீராத ஆதங்கம்.

2011-இல் ஏசி மிலான் விட்டுவிட, யுவென்டஸ் பைசா செலவில்லாமல் அள்ளிக்கொண்டது. விடாலும் மார்கீசியோவும் இரு பக்கமும் ஓடி உழைக்க, லீக்கில் ஒரு தோல்விகூட இல்லாமல் சாம்பியன். பிர்லோவுக்கு அப்போது வயது 32.