தான்சா காட்டில் ஒரு ரான்பிங்களாவும் 11 கேமராக்களும்

பார்த்துவிட்டேன்! புலம்பல் எல்லாம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, இலை உதிர்ந்து மொட்டையாக நின்ற ஒரு மரத்தின் உச்சிக் கிளையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது ரான்பிங்களா ஆந்தை. மைனா அளவுதான், ஆனால் பயில்வான் உடம்பு. கம்பளிக் காலுறை மாட்டிவிட்டதுபோல விரல் வரைக்கும் வெள்ளை இறகு. எலுமிச்சை மஞ்சளில் இரண்டு கண். ஒரு தடவை என் பக்கம் திரும்பி, இவனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதுபோலப் பார்த்துவிட்டு மறுபடியும் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கேமராவை எடுக்கவே தோன்றவில்லை.

மராட்டியில் ரான் என்றால் காடு, பிங்களா என்றால் சின்ன ஆந்தை. ஆங்கிலத்தில் ஃபாரஸ்ட் ஔலெட். நம் தமிழ்நாட்டில் இந்தப் பறவை கிடையாது. ஊரில் கிணற்று மேட்டிலும் புளிய மரப் பொந்திலும் கிறீச்சிடும் புள்ளி ஆந்தைக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி ஆந்தைக்குத் தலை முழுக்கப் புள்ளி. இதற்கு உச்சந்தலை கிட்டத்தட்டத் துடைத்துவிட்டதுபோல இருக்கும். ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். இதுவோ பட்டப்பகலில் அரணையும் எலியும் வெட்டுக்கிளியும் பிடித்துத் தின்னும்.

சரி, எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். மும்பைக்குப் பக்கத்துத் தானேயில் அதிகாலை கசாரா லோக்கல் ரயில் பிடித்து ஆட்கானில் இறங்கினோம், நானும் அலுவலக நண்பர் ஒருவரும். டிக்கெட் ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. மலிவு அத்தோடு முடிந்தது. அங்கிருந்து தான்சா சரணாலயம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்கு முதல் நாளே போனில் பேசி வைத்திருந்த வண்டிக்காரர் போக வர 1,200 ரூபாய் என்றார். ஆறு மணிக்கு நிற்பேன் என்றவர் வந்தது ஆறே முக்காலுக்கு. வந்ததும் "ரோடு சரியில்லை, 1,500 கொடுங்கள்" என்றார். ரோடு நேற்று ராத்திரியா கெட்டுப்போனது? சாயந்திரம் இறக்கிவிடும்போது வெயிட்டிங் என்று இன்னொரு 300. வாதாடிப் பார்த்தேன். என் இந்தியில் வாதாடினால் எதிராளிக்குத்தான் குஷி. ஆக மொத்தம் 1,800. அந்தப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் திருநெல்வேலிக்கே போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

அந்த முக்கால் மணி நேரமும் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் நின்றோம். கட்டிங் சாய் இரண்டு ரவுண்டு. "ஒரு ஆந்தைக்காகவா ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு எழுப்பினாய்?" என்று நண்பர் பொரிந்துகொண்டிருந்தார். அவர் வாயை அடைக்கத்தான் இந்தக் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1873ல் இந்தப் பறவையைப் பற்றி முதலில் எழுதியவர் ஹ்யூம். காங்கிரஸ் கட்சியைத் தொடங்கிய அதே ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம்தான்; மனிதர் பறவைப் பைத்தியம். 1884க்குப் பிறகு இது யார் கையிலும் சிக்கவில்லை. உலகத்து அருங்காட்சியகங்களில் எல்லாம் சேர்த்துப் பாடம் செய்த உடல்கள் ஏழே ஏழு. இடையில் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1914ல் குஜராத்தில் மாண்ட்வி பக்கம் தானே ஒன்றைச் சுட்டதாகச் சீட்டு எழுதி வைத்திருந்தார். பெரிய மனிதர், பெரிய பெயர், எல்லோரும் நம்பினார்கள். பின்னால் தேடிப் போனவர்களுக்கு அந்தச் சீட்டும் ஒரு வழிகாட்டி. சலீம் அலி, டில்லன் ரிப்ளி போன்ற பெரிய பறவை அறிஞர்களே தேடித் தோற்றார்கள்.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருந்த பமீலா ராஸ்முசன் அந்த உடலைத் துருவிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் திருடியது. 1880களில் டேவிட்சன் என்பவர் சேகரித்த பறவை. தையலைப் பிரித்து, பஞ்சை மாற்றி, புதுச் சீட்டுக் கட்டித் தன்னுடையது என்று வைத்துக்கொண்டிருக்கிறார் மனிதர். அந்தப் பொய் இடத்தை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான இடங்களுக்குப் போனார் ராஸ்முசன். 1997 நவம்பர் 25ஆம் தேதி, மகாராஷ்டிராவில் ஷகாதா பக்கத்துக் குன்றில், பென் கிங், டேவிட் ஆபட் இருவரும் கூட இருக்க, 113 வருஷம் கழித்து அந்த ஆந்தை ஒரு மொட்டை மரத்தில் உட்கார்ந்திருந்தது. அதுவும் காலை வெயிலில்.

"அப்படியென்றால் திருடியதற்கு என்ன லாபம்?" என்றார் நண்பர். ஒன்றும் இல்லை. "என்னிடமும் ஒன்று இருக்கிறது" என்று சொல்லலாம், அவ்வளவுதான். அப்போது சிரித்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துச் சிரிப்பு வரவில்லை.

தான்சாவில் இது தெரியவந்தது 2014ல். அதுவரை சாத்புரா மலை, மேல்காட் என்று மத்திய இந்தியப் பக்கம்தான் இருப்பதாக நினைத்திருந்தார்கள். மும்பைக்காரன் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு இந்தத் தான்சா ஏரியுடையது. அந்த ஏரிக்கரைத் தேக்குக் காட்டில் இப்படி ஒன்று உட்கார்ந்திருந்தது பக்கத்திலிருந்த மாநகரத்துக்குத் தெரியவில்லை!

வழிகாட்டிக்குத் தலைக்கு 2,000 ரூபாய். ஆமாம், கொடுத்தேன். மாசக் கடைசி வேறு. இடத்துக்குப் போனால் ஏற்கெனவே நான்கு கார் நிற்கிறது. எங்களையும் சேர்த்து 11 கேமரா. சில லென்ஸ்களின் விலைக்கு எங்கள் ஊரில் அரை கிரவுண்டு மனை வாங்கலாம். முதலில் ஒருவர் "அதோ!" என்று கத்த, எல்லோரும் பாய்ந்தார்கள். பார்த்தால் அது ஜங்கிள் ஔலெட், தலையிலிருந்து வால் வரை வரிவரியாக இருக்கும் வேறு ஆந்தை. அப்புறம்தான் நான் முதலில் சொன்னேனே, அந்தக் காட்சி. கூட்டம் இன்னும் ஜங்கிள் ஔலெட்டையே குறிபார்த்துக்கொண்டிருக்க, நண்பர் என் தோளைத் தட்டி வேறு பக்கம் காட்டினார். முழுசாக இரண்டு நிமிஷம் நாங்கள் இருவர் மட்டும் பார்த்தோம். அத்தோடு பயணம் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை இதைவிடப் பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

கூட்டம் திரும்பியது. பறவை எழுந்து உள்ளே போய்விட்டது. வழிகாட்டி பையிலிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்து ஒரு புதருக்குள் வைத்தார். போனில் தட்டினார். ரான்பிங்களாவின் குரல் காட்டில் கேட்டது. காட்டிலிருந்து இல்லை, புதருக்குள்ளிருந்து.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வந்துவிட்டது. எங்கள் தலைக்கு மேலே தாழ்ந்த கிளையில், பதினைந்தடி தூரத்தில். இப்போது அது வெயில் காய்கிற பறவை இல்லை. கழுத்து இறகு சிலிர்த்து, தலையை ஏற்றி இறக்கி, எதிரியைத் தேடுகிறது. வாலை இடமும் வலமுமாக வெடுக் வெடுக்கென்று அடித்துக்கொள்கிறது. கோபம், பதற்றம் வந்தால் இந்த ஆந்தைகள் இப்படித்தான் வாலை ஆட்டும் என்று படித்திருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் "சூப்பர் ஆக்‌ஷன்!" என்றார். 11 கேமராவும் மழைக்காலத்துத் தவளை மாதிரிக் கடகடத்தன. அதில் ஒன்று என்னுடையது. மறைக்க விரும்பவில்லை.

ஸ்பீக்கர் நின்றதும் அது அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. குரல் கொடுத்தவன் எங்கே என்று அதற்குப் புரியவில்லை. மறுபடியும் ஓட விட்டார்கள். மூன்றாவது தடவையும்.

நான் வழிகாட்டியிடம் கேட்டேன். "சார், ஒரே நிமிஷம்தானே, அதற்கு என்ன ஆகிவிடும்?" என்றார். அவருக்கு ஒரு நிமிஷம். சீசனில் வார இறுதிக்கு எத்தனை கார், எத்தனை நிமிஷம்? குளிர்காலம் தொடங்கிக் கோடை வரை இது முட்டையும் குஞ்சுமாக இருக்கிற காலம். நாம் போக வசதியான காலமும் அதுதான். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டான் என்று நினைத்து வேட்டையை விட்டுவிட்டு ஓடி வருகிறது. வந்தால் ஆள் இல்லை. பொந்துக்குள் காத்திருப்பவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு தாமதம். அது ஓடி வருகிற திசையைப் பார்த்தால் பொந்து எந்தப் பக்கம் என்று எவனும் ஊகிக்கலாம். தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடித்து விற்கிற கூட்டம் இந்த நாட்டில் உண்டு. வனவிலங்கு வியாபாரத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010லேயே அதைப்பற்றி அறிக்கை வெளியிட்டது. வளர்ந்த ரான்பிங்களா மொத்தமே ஆயிரத்துக்குள்தான் என்று கணக்கு. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு இடம் கொடுத்திருக்கிறார்கள். புலியை யாரும் ஸ்பீக்கர் வைத்துக் கூப்பிடுவதில்லை, பயம்.

இன்னொன்று. "பறந்து வந்து பிடிக்கிற ஷாட் வேண்டுமென்றால் தலைக்கு 500 அதிகம்" என்று ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டினார். உள்ளே வெள்ளெலி இரண்டு, கடையில் வாங்கியவை. ஒன்று மூக்கைச் சுருக்கிச் சுருக்கிக் காற்றை மோந்துகொண்டிருந்தது. எங்கள் குழுவில் யாரும் காசு கொடுக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்; பாதிப் பேருக்கு 500 அதிகம் என்பதுதான் காரணம், என்னையும் சேர்த்து.

பறவை பார்க்கப் போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பார்க்கிறவர்கள் இருந்ததால்தான் தான்சாவில் இது இருப்பதே தெரிந்தது. ஆனால் ஸ்பீக்கர் வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். நாள் முழுக்க உட்கார்ந்தும் வரவில்லையென்றால் டீயைக் குடித்துவிட்டு ரயிலேறுங்கள். காசு கொடுத்தோமே என்றால், அந்தக் காசு ஆந்தைக்கா போனது?

மனசு கசந்துபோய் மத்தியானம் ஒரு பாடாவில், அதாவது சின்னக் குடியிருப்பில், சாப்பிட்டோம். அதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வண்டிக்காரரின் தெரிந்தவர் வீடு. (அவர் செய்த ஒரே நல்ல காரியம்.) மண் அடுப்பில், கண்ணெதிரே, ஒரு ஆஜி (பாட்டி) அரிசி மாவைக் கையாலேயே தட்டித் தட்டிப் பாக்ரி என்கிற ரொட்டி போட்டார். தோசைக்கல்லில் தண்ணீர் தடவி, திருப்பி, அப்புறம் நேரே தணலில் நிறுத்தினால் பந்து மாதிரி உப்புகிறது. கூட கடலை மாவில் கிண்டிய பிட்லா, கல்லில் நசுக்கிய பச்சை மிளகாய்த் தேச்சா, தணலில் சுட்ட போம்பில் மீன் கருவாடு. அந்தக் கருவாட்டு வாசனைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு தூத்துக்குடிக்கே போய்விட்டேன். நாலு பாக்ரி. நண்பர் சைவம், பிட்லாவோடு ஐந்து. ஆளுக்கு 100 ரூபாய். அந்த நாளில் நான் மனதாரக் கொடுத்த ஒரே பணம்.

ஆஜிக்கு எங்கள் ஆந்தைக் கதை ஒன்றும் சுவாரசியப்படவில்லை. "அது கோழிக்குஞ்சைத் தூக்குமா?" என்று மட்டும் கேட்டார். பொதுவாகப் பிங்களா என்றதும் அவருக்கு நினைவு வந்தது விடிகாலையில் வீடு வீடாக வந்து குறி சொல்லும் பிங்களாக்காரர்கள்தான். அந்தப் பறவையின் பேச்சு அவர்களுக்குப் புரியுமாம். நம்ம குடுகுடுப்பைக்காரர் அப்படியே! நான் ஆந்தை அலறினால் என்ன பலன் என்று எங்கள் ஆச்சி சொல்லும் கணக்கை அரைகுறை மராட்டியில் சொன்னேன். ஆஜி சிரித்தபடி இன்னொரு பாக்ரியைத் தட்டில் போட்டார். பார்க்க எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு 500 என்று சொன்னேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்கே வாயில் கை வைத்துக்கொண்டார்.

செலவுக் கணக்கு ஒழுங்காக எழுதவில்லை என்று திட்டுவீர்கள். ஆளுக்கு மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது, அதில் பாதிக்கு மேல் வீண். வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் நிறைய, தொப்பி ஒன்று, பளிச்சென்ற சட்டை வேண்டாம். எந்த இடம், எந்த மரம் என்று தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மைனர்ட்ஸ்ஹாகன் பொய் இடம் சொல்லிப் பல வருஷம் எல்லோரையும் சுற்றவிட்டார். நான் போனில் ஜிபிஎஸ் பதிவை அணைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

ராத்திரி ரயிலில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். 46 எடுத்திருக்கிறேன். எல்லாமே ஸ்பீக்கருக்கு அப்புறம் எடுத்தவை. நல்ல ஒன்றாகப் பொறுக்கிக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். கல்யாண் வருவதற்குள் மாமா பதில்: "ராத்திரி நேரத்தில் ஆந்தை படத்தை எல்லாம் அனுப்பாதடே." அடுத்து அத்தை: "கண்ணு ரெண்டும் அழகா இருக்கு. வால் மட்டும் ஏன் கலங்கலா இருக்கு?"

ஏதோ நீளமாக எழுதத் தொடங்கினேன். தானே ஸ்டேஷன் வந்துவிட்டது. அழித்துவிட்டு, "கேமரா அவ்வளவு சரியில்லை அத்தை" என்று அனுப்பிவிட்டு இறங்கினேன்.