எண்ணெய் ஓவிய ஃபில்டரும் மந்திரி மனைச் சுவரும்

ஒளிப்படங்களைக் கணினியில் ஓவியமாக மாற்றி அனுப்பும் நண்பர்கள் எனக்குப் பலர் இருக்கிறார்கள். நல்லூர்த் தேர், கசூரினாக் கடற்கரை, கலியாண வீட்டு மணமகள் என எதுவாயினும் ஒரே மெழுக்கைப் பூசி எடுத்ததுபோல் வந்து சேருகின்றது. மென்பொருளை இதற்குக் குறை சொல்ல முடியாது. நிறங்களைத் தானாக மாற்றியமைக்கும் கருவியான ஃபில்டரைப் படம் முழுவதற்கும் ஒரே அளவில் போடுவதுதான் காரணம்.

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் உள்ள ஆயிலிஃபை என்னும் எண்ணெய் ஓவிய ஃபில்டர், படத்தின் மிகச் சிறு புள்ளியான ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ள சிறு பரப்பை ஆராய்ந்து, அங்கே மிகுதியாகக் காணப்படும் நிறத்தையே அந்தப் பிக்சலுக்கு வழங்குகின்றது. குவஹாரா என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் 1976இல் இதயத்தின் மருத்துவப் படங்களைச் சீராக்குவதற்காக முன்வைத்த முறை இன்னும் நுட்பமானது: பிக்சலைச் சுற்றி நான்கு கட்டங்களை எடுத்து, அவற்றுள் நிற வேறுபாடு மிகக் குறைந்த கட்டத்தின் சராசரியை மட்டுமே அது ஏற்றுக்கொள்வதால், உட்பரப்புகள் தட்டையாகின்றபோதும் விளிம்புகள் கலங்குவதில்லை. ஓவியத்துக்கென்று பிறக்காத ஒரு முறை ஓவியத்துக்கே இவ்வளவு பொருந்திப்போனது வியப்புத்தான்.

நல்லூரிலுள்ள பழைய கட்டடமான மந்திரி மனையை எடுத்த என் படமொன்றில் ஆயிலிஃபையைப் போட்டுப் பார்த்தேன். சுண்ணச்சாந்து உதிர்ந்து கறை படிந்த சுவருக்கு ஃபில்டர் அழகாகப் பொருந்தியது. அங்கே நிறங்கள் ஏற்கெனவே திட்டுத்திட்டாகத்தான் இருந்தன. பின்னால் நின்ற பனைகளோ கெட்டுப்போயின. ஃபில்டர் ஆராயும் பரப்பைவிட ஓலையின் கீற்று ஒடுங்கியதாக இருக்கும்போது, அப்பரப்பில் வானத்தின் நிறமே மிகுதியாகி, கீற்றை விழுங்கிவிடுகின்றது. ஆகவே படத்தின் நகல்களை ஒன்றன்மேல் ஒன்றான வெவ்வேறு லேயர்களாக வைத்து, வானத்துக்கு வலுவாகவும் சுவருக்கு நடுத்தரமாகவும் ஓலைகளுக்கும் மரச் செதுக்கல்களுக்கும் மிக மெலிதாகவும் ஃபில்டரைச் செலுத்தி, பின்னர் லேயரின் பகுதிகளை மறைக்கவும் காட்டவும் உதவும் மாஸ்க்கின் மேல் மென்மையான தூரிகையால் ஒன்றையொன்று வெளிப்படுத்த வேண்டும். மனித முகம் இருந்தால் கண்ணையும் வாயையும் ஏறத்தாழ மூலப்படத்திலிருந்தே விட்டுவிடுவது நல்லது.

ஃபில்டருக்கு முந்திய வேலையைப் பலர் செய்வதில்லை. நமது நண்பகல் வெயிலில் எடுத்த படங்களில் நிழல்கள் கரிய திட்டுகளாகிவிடும் என்பதால், நிழல்களை முதலிலேயே சற்று வெளிறச் செய்ய வேண்டும். ஓவியர் ஒருவர் தெருவைத் தீட்டும்போது மின்கம்பிகளை வேண்டாமென்று விட்டுவிடக்கூடும். ஃபில்டரோ அவற்றை அறுந்த கோடுகளாக மாற்றித் தொங்கவிடும். அருகிலுள்ள பகுதியை நகலெடுத்து மேலே பூசும் குளோன் கருவியால் அவற்றை முன்னரே அழிப்பது ஒரு மணித்தியாலம் பிடித்தாலும் தகும்.

படத்தின் அளவையும் தொடக்கத்திலேயே முடிவுசெய்ய வேண்டும், ஏனெனில் தூரிகையின் பருமனை ஃபில்டர் பிக்சலில்தான் கணக்கிடுகின்றது. 6000 பிக்சல் அகலமான படத்தில் கண்ணுக்கே தெரியாத அதே தூரிகைப் பருமன், 1500 பிக்சல் படத்தில் தடித்த தீற்றலாகத் தெரியும். A4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக அச்சிடுவதாயின் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும்; படத்தை அந்த அளவுக்குக் கொண்டுவந்த பின்னரே ஃபில்டரைத் தொடுகிறேன்.

துணியின் இழை போன்ற தோற்றத்தைத் தரும் கான்வாஸ் ஃபில்டரை மட்டும் நான் பயன்படுத்துவதில்லை. சற்றுச் சொரசொரப்பான தாளில் அச்சிட்டால் அந்த இழை தானாகவே கிடைத்துவிடுகின்றது.